பென் டிரைவ் ஏஜென்சி எடுக்கலாமா? சேலம் கடைக்காரரின் கேள்விக்கு ஒரு வழக்கறிஞரின் பதில்

சேலத்திலிருந்து 48 வயது வாசகர் ஒருவர் ஐந்து பக்கத்துக்குக் கைப்பட எழுதியிருக்கிறார். பெயரையும் கடையின் அடையாளத்தையும் கம்பெனியின் பெயரையும் எடுத்துவிட்டு விஷயத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

இவருடைய அப்பா அம்மாபேட்டையில் ஆடியோ கேசட் பதிவு செய்து கொடுக்கும் கடை வைத்திருந்தவர். ஒரு தாளில் பாட்டுகளின் முதல் வரியை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனால், அறுபது நிமிடக் கேசட்டிலோ தொண்ணூறு நிமிடக் கேசட்டிலோ பதிந்து மறுநாள் தருவார். அந்தத் தொழில் படுத்த பிறகு மகன் கம்ப்யூட்டர் கற்று, 2004-ல் ஐந்து ரோடு பக்கம் சின்னதாகக் கடை போட்டார். முதலில் சிடி எழுதிக் கொடுத்தார், அப்புறம் மெமரி கார்டில் பாட்டு ஏற்றிக் கொடுத்தார். 2016-ல் மொபைல் டேட்டா மலிவானதும் அதுவும் நின்றது. இப்போது சர்வீஸ், பிரிண்டர் மை, சிசிடிவி பொருத்துவது என்று கடை ஓடுகிறது. பென் டிரைவ், மெமரி கார்டு, எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் எல்லாம் சேர்த்து மாதம் 40,000 ரூபாய்க்குப் போகிறது. பொறியியல் முடித்த மகனும் கடைக்கு வந்துவிட்டார்.

இந்த நேரத்தில் வெளியூர் கம்பெனி ஒன்றின் பிரதிநிதி வந்து, சேலம் மாவட்டத்துக்கே தனி விநியோக உரிமை தருவதாகச் சொல்லியிருக்கிறார். வட்டியில்லாத டெபாசிட் 5 லட்சம். மாதம் குறைந்தது 2 லட்சத்துக்குச் சரக்கு எடுக்க வேண்டும். ஒப்பந்தம் மூன்று வருடம். தேதியும் தொகையும் எழுதாமல் கையெழுத்துப் போட்ட காசோலை இரண்டு. லாபம் 8 சதவீதம். டெபாசிட்டுக்கு மனைவியின் நகையை அடகு வைக்கலாம் என்று இவர் நினைக்கிறார். மனைவி ஒப்பவில்லை. "மாமா கேசட்டோட உக்காந்திருந்தது போதாதா, நீங்களும் இதை வாங்கி அடுக்கணுமா" என்று கேட்டிருக்கிறார்.

கேள்விகள் மூன்று. இந்த வியாபாரத்துக்கு எதிர்காலம் உண்டா? கையெழுத்துப் போடலாமா? பரணில் கிடக்கும் 2,400 வெற்று டிவிடிகளையும் அப்பாவின் கேசட் பெட்டியையும் என்ன செய்வது?

அன்புள்ள நண்பரே,

உங்கள் கடிதத்தோடு ஒப்பந்த வரைவின் நகலையும் வைத்து அனுப்பியது நல்லதாகப் போயிற்று. இரண்டு முறை படித்தேன். இப்போது இருக்கும் வடிவத்தில் இதில் கையெழுத்துப் போடாதீர்கள். பென் டிரைவ் விற்காதீர்கள் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அது வேறு, இது வேறு. ஏன் என்று விளக்குகிறேன்.

"தகவல் பெருகிக்கொண்டேதான் போகும்" என்ற கணக்கு

"சார், ஃபோட்டோ, வீடியோ எல்லாம் நாளுக்கு நாள் பெருகுது. எங்கேயாவது வச்சுத்தானே ஆகணும். அதனால இந்த வியாபாரம் படுக்காது" என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் இரண்டு வாக்கியமும் சரி. மூன்றாவதில்தான் நான் உங்களோடு மாறுபடுகிறேன்.

1990-களின் நடுவில் ஐயோமெகா என்ற அமெரிக்கக் கம்பெனி ஜிப் டிரைவ் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. ஒரு ஃபிளாப்பியில் 1.44 எம்பி கொள்ளும் காலம் அது. ஜிப் வட்டு ஒன்றில் 100 எம்பி கொண்டது. அச்சகங்களும் டிசைன் அலுவலகங்களும் ஆளுக்கொன்று வாங்கின. தகவல் பெருகும் என்று அந்தக் கம்பெனி போட்ட கணக்கு துளியும் தப்பவில்லை. ஆனால் சிடி ரைட்டர் விலை இறங்கியது. சில ரூபாய்க்குக் கிடைத்த வெற்று சிடி 650, 700 எம்பி கொண்டது, எந்தக் கம்ப்யூட்டரிலும் ஓடியது. பிறகு 2000-ல் பென் டிரைவ் கடைக்கு வந்தது. முதலில் வந்தவற்றில் 8 எம்பிதான் கொள்ளும். ஜிப் வட்டில் பன்னிரண்டில் ஒரு பங்குகூட இல்லை. ஆனாலும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய் எங்கும் செருகலாம், தனி டிரைவ் வேண்டாம். 2008-ல் ஐயோமெகாவை வேறொரு பெரிய கம்பெனி வாங்கியபோது ஜிப் வட்டைக் கேட்டு வாங்குகிறவர் அநேகமாக யாருமில்லை.

நம் நாட்டில் மோசர் பேயர் கதை உங்களுக்கே தெரியும். உங்கள் பரணில் இருக்கும் டிவிடி உறைகளில் அந்தப் பெயர் இருந்தாலும் இருக்கும். உலகத்திலேயே பெரிய சிடி, டிவிடி உற்பத்தியாளர்களில் ஒன்றாக இருந்த கம்பெனி அது. 2018-ல் அதைக் கலைத்துவிடச் சொல்லி கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டது. ஜப்பானில் சோனி 2011-ல் ஃபிளாப்பி விற்பனையை நிறுத்தியது. 2025 பிப்ரவரியில் பதிவு செய்யக்கூடிய புளூ-ரே வட்டின் உற்பத்தியையும் நிறுத்தியது. இத்தனை வருடமும் உலகத்தில் தகவல் ஒருநாளும் குறையவில்லை. அதைப் போட்டு வைக்கும் பாத்திரம் மாறிக்கொண்டே வந்தது. பாத்திரம் மாறும்போது அடுக்கி வைத்த பழைய பாத்திரம் யார் கையில் இருந்ததோ அவர்தான் நஷ்டப்பட்டார். உங்கள் அப்பா கையில் கேசட் இருந்தது, உங்கள் கையில் டிவிடி இருக்கிறது. உங்கள் மனைவி கோபத்தில் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது நிதானமாகப் போட்ட வியாபாரக் கணக்காகவே படுகிறது.

விலை இறங்க மட்டும்தான் செய்யும் என்றும் இல்லை. 2011 கடைசியில் தாய்லாந்தில் வெள்ளம் வந்து ஹார்ட் டிஸ்க் தொழிற்சாலைகள் மூழ்கியபோது சேலம் கடைகளிலும் விலை எகிறியது உங்களுக்கு நினைவிருக்கும். 2023-ல் மெமரி விலை நன்றாக இறங்கிக் கிடந்தது. 2025 கடைசியில் செயற்கை நுண்ணறிவு டேட்டா சென்டர்களின் தேவையால் மறுபடி ஏறியது. பல வருடமாகச் சில்லறைச் சந்தைக்கு மெமரி கொடுத்துவந்த மைக்ரான், தன் குருஷியல் பிராண்டையே மூடப்போவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. "விலை ஏறினால் கையில் சரக்கு இருப்பவனுக்கு லாபம்தானே" என்று உங்கள் மகன் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் வரைவின் ஒன்பதாவது பிரிவைப் பாருங்கள். விலையை எப்போது வேண்டுமானாலும் மாற்றும் உரிமை கம்பெனிக்கு இருக்கிறது. ஆர்டர் கொடுத்த சரக்கை அனுப்பியே தீர வேண்டும் என்ற கடமை அதற்கு இல்லை. ஏறினால் லாபம் கம்பெனிக்கு, இறங்கினால் நஷ்டம் உங்களுக்கு என்றுதான் எழுதி வைத்திருக்கிறார்கள்.

யார் இன்னும் வாங்குகிறார்கள்

கல்லூரிப் பையன் புராஜெக்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறான். போன்களில் மெமரி கார்டு செருகும் இடமே குறைந்துவருகிறது. சாம்சங் தன் உயர்விலை எஸ் வரிசையில் 2021-லேயே அதை எடுத்துவிட்டது. வங்கிகளும் பெரிய அலுவலகங்களும் வைரஸுக்குப் பயந்து யுஎஸ்பி துளையைப் பூட்டி வைக்கின்றன. அந்தக் கூட்டம் திரும்பி வராது.

ஆனால் சேலத்தில் பென் டிரைவும் ஹார்ட் டிஸ்க்கும் இல்லாமல் நாள் ஓடாத இடங்கள் இருக்கின்றன. கல்யாண ஸ்டுடியோக்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு முகூர்த்தத்துக்கு இரண்டு மூன்று கேமரா, மேலே டிரோன். அந்தக் கோப்புகளை இணையத்தில் ஏற்றி இறக்க அவர்களுக்கு நேரமில்லை. ஆல்பத்தோடு மரப்பெட்டியில் பென் டிரைவ் வைத்துக் கொடுப்பதுதான் இன்று வழக்கம். இளம்பிள்ளை பக்கம் கம்ப்யூட்டர் ஜக்கார்டு தறிகளுக்கும் எம்பிராய்டரி மெஷின்களுக்கும் டிசைன் பல இடங்களில் பென் டிரைவில்தான் போகிறது. பிளெக்ஸ் அடிக்கும் கடைகள், செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைகளின் சிசிடிவி பெட்டிகள் எல்லாம் இந்தக் கணக்கில் வரும். ஏற்காட்டில் எஸ்டேட் அலுவலகங்களும் தங்கும் விடுதிகளும் உங்களிடம் ஹார்ட் டிஸ்க் வாங்குவதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மழைக்காலத்தில் மலையில் கரண்டும் நெட்டும் சேர்ந்தே போகும். எல்லாவற்றையும் இணையத்தில் வைத்துவிட்டு அவர்களால் உட்கார்ந்திருக்க முடியாது. கூகுள் ஃபோட்டோஸ் 2021 ஜூனில் வரம்பில்லாத இலவச இடத்தை நிறுத்தியதிலிருந்து, 15 ஜிபி நிறைந்துபோய் வீட்டுக்கு ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கும் குடும்பங்களும் உண்டு.

என் தொழிலிலிருந்தும் ஒன்று சொல்கிறேன். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டங்களின்படி போலீஸ் சோதனை போடும்போது வீடியோ எடுத்தாக வேண்டும். சிசிடிவி காட்சியையோ போன் பதிவையோ சாட்சியமாகக் கொடுத்தால், பாரதிய சாக்ஷிய அதினியம் 63-வது பிரிவின்படி சான்றிதழ் வைக்க வேண்டும். அந்தச் சான்றிதழில் கோப்பின் ஹாஷ் மதிப்பும், அதாவது கோப்பு மாறவில்லை என்று சரிபார்க்க உதவும் அடையாள எண்ணும், இருக்க வேண்டும். கோர்ட்டுக்கு வரும் பென் டிரைவுகளில் பாதி, கடையில் கிடைத்த மலிவான ஒன்றை வாங்கி அவசரத்தில் காப்பி போட்டதுதான். விசாரணையில் அது திறக்கவில்லை என்றால் கட்சிக்காரர் படும் பாட்டை அடிக்கடி பார்க்கிறேன்.

இவர்களில் யாரும் பிளாஸ்டிக் துண்டுக்காக வருகிறவர் இல்லை, உள்ளே இருப்பது பத்திரமாக இருக்குமா என்ற கவலையோடு வருகிறார்கள். அந்தக் கவலைக்குப் பதில் சொல்லத் தெரிந்த கடைக்கு வேலை இருக்கிறது. பெயர் தெரியாத பிராண்டை மாதம் 2 லட்சத்துக்கு இறக்குவது அந்த வேலைக்கு உதவாது.

ஒப்பந்தத்தில் நான் அடிக்கோடிட்ட இடங்கள்

முதலில் காசோலை. "செக்யூரிட்டி செக் தானே, அதை பேங்கில் போட முடியாது, போட்டாலும் கேஸ் நிற்காது" என்று யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். தப்பான தகவல். விருப்பப்பட்டுக் கையெழுத்துப் போட்டு வெற்றுக் காசோலை கொடுத்தாலும், கடனுக்காகக் கொடுத்தது என்ற சட்ட அனுமானம் உங்களுக்கு எதிராக எழும் என்று 2019-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பாதுகாப்புக்காகக் கொடுத்ததாக இருந்தாலும், அதை வங்கியில் போடும் நாளில் கடன் பாக்கி இருந்து, கணக்கில் பணமில்லாமல் காசோலை திரும்பினால் மாற்று முறை ஆவணச் சட்டம் 138-வது பிரிவு பாயும். தண்டனை இரண்டு வருடம் வரை சிறை, அல்லது காசோலைத் தொகையின் இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். வழக்கு நடப்பதும் சேலத்தில் இல்லை. 2015 திருத்தத்துக்குப் பிறகு, காசோலையைத் தன் கணக்கில் போட்டவரின் வங்கிக் கிளை எந்த ஊரில் இருக்கிறதோ அந்த ஊர்க் கோர்ட்டுக்குத்தான் நீங்கள் வாய்தாவுக்கு வாய்தா போக வேண்டும். கொடுத்தே ஆக வேண்டும் என்றால் தொகையை எழுதுங்கள். இன்னதற்காகக் கொடுத்தது, இன்ன நிலையில் திருப்பித் தர வேண்டும் என்று ஒரு கடிதத்தில் காசோலை எண்ணைக் குறிப்பிட்டு, கம்பெனியின் கையெழுத்தையும் முத்திரையையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது "மாவட்டம் முழுக்க உங்களுக்கு மட்டுமே" என்ற வாக்குறுதி. அது கம்பெனியை மட்டும் கட்டும், ஊரைக் கட்டாது. அதே பென் டிரைவை வேறு மாவட்டத்தில் முறையாக வாங்கிய ஒருவர் சேலத்தில் விற்றால் நீங்கள் தடுக்க முடியாது. இணையத்தில் அதே பொருள் உங்கள் கொள்முதல் விலைக்கும் கீழே வந்தாலும் தடுக்க முடியாது. உங்கள் வரைவில் கம்பெனியே இணையத்தில் விற்காது என்றுகூட ஒரு வரி இல்லை.

மாதக் குறைந்தபட்சத்தை எடுக்காவிட்டால் டெபாசிட் பறிபோகும் என்று பதினான்காவது பிரிவு சொல்கிறது. இதைப் பார்த்து மிரள வேண்டாம். ஒப்பந்தச் சட்டம் 74-வது பிரிவின்படி, ஒப்பந்தத்தில் என்ன தொகை எழுதியிருந்தாலும் நியாயமான இழப்பீடு மட்டுமே கேட்க முடியும், எழுதிய தொகைதான் உச்ச வரம்பு. ஆனால் பணம் அவர்கள் கையில் இருக்கும்போது அதை வழக்குப் போட்டு வாங்க வேண்டியது நீங்கள். உரிமை இருப்பது வேறு, பணம் கைக்கு வருவது வேறு.

பேசிப் பார்க்கலாம் என்று உங்களுக்குத் தோன்றினால் இவற்றைக் கேளுங்கள். முதல் ஆறு மாதம் குறைந்தபட்சக் கொள்முதல் கூடாது. விலை இறங்கினால் கையிருப்புச் சரக்குக்கு வித்தியாசத்தைக் கம்பெனி ஈடுகட்ட வேண்டும். 90 நாளில் விற்காததைத் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும். வாரண்டியில் வந்ததற்கு எத்தனை நாளில் மாற்று தருவார்கள் என்று எழுத வேண்டும். இரு தரப்பும் 60 நாள் நோட்டீஸில் விலகலாம், வழக்கு சேலம் கோர்ட்டில் என்பதும் இருக்கட்டும். இதில் பாதிக்கு ஒப்புக்கொண்டால் மேலே பேசலாம். எதற்குமே மசியாவிட்டால், அவர்களுடைய சரக்கின் எதிர்காலத்தைப் பற்றி அவர்களுக்கே நம்பிக்கை இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கணக்கையும் ஒருமுறை தாளில் போட்டுப் பார்த்துவிடுவோம். 2 லட்சம் சரக்கு முழுவதும் விற்றால் 8 சதவீதம் 16,000 ரூபாய். 5 லட்சம் நகைக்கடனுக்கு வருடம் 10 சதவீதம் வட்டி என்று வைத்துக்கொண்டால் மாதம் 4,170 ரூபாய் போகும். ஆத்தூர், மேட்டூர், எடப்பாடி என்று கடை கடையாக லைனுக்குப் போக ஒரு பையனுக்கு 12,000 சம்பளம். பெட்ரோல் போடும் முன்பே 170 ரூபாய் கைநஷ்டம். இப்போது நீங்கள் விற்பதைப் போல ஐந்து மடங்கு ஒவ்வொரு மாதமும் விற்றுத் தீர்த்தால் வரும் கணக்கு இது. மூன்று வருடத்துக்குக் கூட்டினால் 72 லட்சம் ரூபாய்ச் சரக்குக்கு நீங்கள் பொறுப்பு.

இன்னொரு விஷயத்தை நீங்கள் கவனிக்கவே இல்லை. ஜிஎஸ்டியில் காம்போசிஷன் முறையில், அதாவது விற்பனைத் தொகையில் ஒரே விகிதமாக, 1 சதவீதம் கட்டுவதாகக் கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். சில்லறைக் கடைக்கு அது வசதி. விநியோகஸ்தருக்கு ஆகாது. இந்தப் பொருள்களுக்கு வரி 18 சதவீதம். 2 லட்சம் சரக்குக்கு 36,000 ரூபாய் வரி கட்டி வாங்குவீர்கள், காம்போசிஷனில் அதற்கு இன்புட் எடுக்க முடியாது, அதாவது வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள முடியாது. உங்களிடம் வாங்கும் கடைக்காரர்களுக்கும் நீங்கள் வரி பில் கொடுக்க முடியாது. அவர்களுக்கும் இன்புட் கிடைக்காது, அதனால் வாங்கவும் மாட்டார்கள். இன்புட் எடுக்க வழியுள்ள ரெகுலர் முறைக்கு மாறினால்தான் இந்தத் தொழிலையே செய்ய முடியும். அப்படி மாறினாலும், கம்பெனி தன் ரிட்டர்னை ஒழுங்காகப் போட்டு உங்கள் ஜிஎஸ்டிஆர்-2பி என்ற இன்புட் பட்டியலில் அந்த பில் வந்தால்தான் இன்புட். கையெழுத்துக்கு முன்னால் உங்கள் ஆடிட்டரிடம் ஒரு மணி நேரம் உட்காருங்கள்.

போலிச் சரக்கு: பொறுப்பு யாருடையது

"வாரண்டி கம்பெனிக்காரனோடது, எனக்கென்ன" என்ற வரியைப் படித்ததும் இரண்டு வருடம் முன்பு என்னிடம் வந்த ஒரு ஸ்டுடியோக்காரர் நினைவுக்கு வந்தார். ஒரு கடையில் மலிவு விலையில் "2 டிபி" என்று போட்ட கறுப்பு நிற எக்ஸ்டர்னல் டிரைவ் வாங்கி, ஒரு கல்யாணத்தின் மொத்தக் காட்சியையும் அதில் போட்டு வைத்திருந்தார். கோப்புகளின் பெயரெல்லாம் வரிசையாகத் தெரியும். தொட்டால் ஒன்றும் ஓடாது. என் மேசையில் வைத்தே மூடியைக் கத்தியால் நெம்பித் திறந்தார். உள்ளே கட்டைவிரல் அளவுக்கு ஒரு பச்சை போர்டு, அதன் மேல் பசை போட்டு ஒட்டிய சின்ன மெமரி கார்டு, கையில் எடுத்தால் கனமாக இருக்க வேண்டும் என்பதற்காக இரண்டு இரும்புத் துண்டு. உண்மையில் அது 32 ஜிபிதான். 2 டிபி என்று கம்ப்யூட்டரிடம் பொய் சொல்லும்படி உள்ளிருக்கும் சிப்பின் நிரலை மாற்றியிருந்தார்கள். 32 ஜிபிக்கு மேல் எழுதியதெல்லாம் எங்கும் எழுதப்படவே இல்லை. தாலி கட்டும் நேரம் அந்தப் பகுதியில்தான் இருந்தது. பெண் வீட்டார் ஸ்டுடியோக்காரரைக் கேட்டார்கள், அவர் கடைக்காரரைக் கேட்டார். அட்டையில் இறக்குமதியாளர் பெயர் மட்டும் இருந்தது, முகவரி இல்லை. கடைசியில் கடைக்காரர்தான் கைக்காசைக் கொடுத்து முடித்தார்.

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் விற்பவருக்கென்று தனியாகவே பொறுப்பு வைத்திருக்கிறது. தயாரித்தவர் யாரென்று தெரியாவிட்டாலோ, அவருக்கு நோட்டீஸ் சேர்க்க முடியாவிட்டாலோ, விற்றவர் பதில் சொல்ல வேண்டும். நீங்களாக வாய்விட்டு உத்தரவாதம் கொடுத்திருந்தாலும் அப்படித்தான். பெரிய பிராண்டின் பெயரைப் போலியாக ஒட்டிய சரக்காக இருந்தால் வணிகக் குறிச் சட்டத்தின்படி ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறைக்கு இடமுண்டு. முன்னெச்சரிக்கையோடு வாங்கினேன், இன்னாரிடம் வாங்கினேன் என்று காட்ட முடிந்தவருக்குத்தான் தப்பிக்க வழி. அதனால் கொள்முதல் பில் இல்லாமல் ஒரு மெமரி கார்டுகூடக் கடைக்குள் வரக் கூடாது.

கம்பெனிக்காரர் கொடுத்த மாதிரிகளை மகனிடம் கொடுங்கள். முழுக் கொள்ளளவுக்கும் எழுதித் திரும்பப் படித்துப் பார்க்கும் இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. ராத்திரி ஓட விட்டால் காலையில் தெரிந்துவிடும். 64 ஜிபி டிரைவ் விண்டோஸில் 59.6 என்றும், 1 டிபி டிஸ்க் 931 என்றும் காட்டினால் அது மோசடி இல்லை. ஆயிரத்தின் மடங்காக எண்ணுவதற்கும் 1,024-இன் மடங்காக எண்ணுவதற்கும் உள்ள வித்தியாசம்தான், வாடிக்கையாளரிடமும் அப்படியே சொல்லுங்கள். அட்டையில் இறக்குமதியாளரின் முழு முகவரி, அதிகபட்ச சில்லறை விலை, மாதம், வருடம் இருக்கிறதா பாருங்கள். எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்குக்கு இந்தியத் தர நிறுவனத்தின் பதிவு முத்திரையும் எண்ணும் இருக்க வேண்டும்.

மகனுக்கு வேலை இருக்கிறது

சரி, ஏஜென்சி வேண்டாம் என்றால் வேறு என்ன? நல்ல பிராண்டைச் சென்னை ரிச்சி தெரு மொத்த வியாபாரியிடமோ அங்கீகரித்த டீலரிடமோ பில்லோடு, பதினைந்து நாளில் விற்கும் அளவுக்கு மட்டும் வாங்குங்கள். அதைச் சுற்றிச் சேவையை வையுங்கள். ஸ்டுடியோவுக்கு ஒரு கல்யாணத்தை இரண்டு டிஸ்கில் காப்பி போட்டு, இரண்டும் ஒன்றுதானா என்று சரிபார்த்து, தேதி எழுதி ஒட்டிக் கொடுங்கள். ஏற்காட்டு எஸ்டேட் அலுவலகத்துக்கு மாதம் ஒருமுறை மகன் மலையேறட்டும். கணக்கு, சம்பளப் பட்டியல், கேமரா பதிவு எல்லாம் இரண்டு பிரதி எடுத்து, ஒரு டிஸ்க் மேலே, ஒரு டிஸ்க் கீழே சேலத்தில் உள்ள அவர்கள் வீட்டில். ஒரே கட்டடத்தில் எல்லாப் பிரதியையும் வைக்கக் கூடாது என்பது இந்தத் துறையில் பாலபாடம். பென் டிரைவைப் பீரோவில் பத்து வருடம் வைத்துவிட்டு நம்பியிருக்க முடியாது, உள்ளே நிற்கும் மின்னூட்டம் மெல்லக் கசியும் என்று வாங்குகிறவர்களிடம் சொல்லுங்கள். வருடம் ஒருமுறை எடுத்துப் பார்க்கச் சொல்லி மகன் போன் செய்தால் அந்த வீடு உங்கள் கடையை விட்டுப் போகாது.

ஒரே ஓர் எச்சரிக்கை. அடுத்தவர் படமும் கணக்கும் உங்கள் கைக்கு வருகிறது. எதை வாங்கினீர்கள், எதைக் காப்பி போட்டீர்கள், எப்போது உங்கள் கம்ப்யூட்டரிலிருந்து அழித்தீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கடைப் பையன்கள் யாராவது ஒரு படத்தை எடுத்து வெளியில் விட்டால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் சிறை வரை போகும். 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகளும் 2025 நவம்பரில் வந்துவிட்டன. பழைய நாள்களைப் போலப் பாட்டும் படமும் ஏற்றிக் கொடுக்கும் வேலைக்கு மட்டும் திரும்பிப் போகாதீர்கள். அது அப்போதும் பதிப்புரிமைக் குற்றம்தான், இப்போதும் குற்றம்தான்.

டிவிடிகளும் அப்பாவின் பெட்டியும்

2,400 டிவிடியைக் குப்பையில் போட அவசரப்படாதீர்கள். இன்னும் டிவிடி கேட்கும் ஸ்கேன் சென்டரும் பழைய ஸ்டுடியோவும் ஊரில் உண்டு. கிடைத்த விலைக்கு பில் போட்டு மொத்தமாகத் தள்ளிவிடுங்கள். நீங்கள் ரெகுலர் முறையில் இருந்து இன்புட் எடுத்திருந்தால், சரக்கைத் தள்ளுபடி என்று எழுதித் தூக்கிப் போடும்போது எடுத்த இன்புட்டைத் திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும். குறைந்த விலைக்கு விற்றால் அந்தத் தொல்லை இல்லை. இனி வரும் சரக்குக்கும் இதை நினைவில் வையுங்கள்.

அப்பாவின் இரும்புப் பெட்டியில் இருநூறு கேசட் இருக்கிறது, ஒன்றில் அப்பாவே உங்கள் தங்கைக்குக் கதை சொல்லிப் பதிந்தது இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். எடைக்குப் போட வேண்டாம். நல்ல பழைய கேசட் டெக் ஒன்று வாங்கி, ஹெட்டையும் ரப்பர் உருளையையும் ஸ்பிரிட்டில் துடைத்து, கம்ப்யூட்டரில் இணைத்துப் பதிய மகனுக்கு ஒரு வாரம் போதும். கைவந்துவிட்டால் ஊரில் உள்ளவர்களின் கேசட்டையும் கல்யாண விஎச்எஸ் டேப்பையும் மாற்றிக் கொடுக்கலாம், அதற்குக் காசு கொடுக்க ஆள் இருக்கிறது. டேப்பில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் ஓட்டாமல் தனியே எடுத்து வையுங்கள், மற்றதிலும் தொற்றும். பழகுவதற்கு வேண்டாத கேசட்டாக நாலைந்தைப் போட்டுப் பாருங்கள். டெக் டேப்பைக் கடிக்கவில்லை என்று உறுதியான பிறகு, அப்பாவின் குரல் இருக்கும் அந்த ஒன்றைப் போடுங்கள்.